சவிரியண்ணையின் கயிறு அறுந்துபோகவில்லை

செய்தி எனக்கு மீன்சந்தையில் வந்தது. ஒரு விளமீனைத் தூக்கிச் செவுளைப் பிரித்து, இது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று மீன்காரரோடு வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வழக்கை இடையில் விட்டுவிட்டு, "ஐயாவுக்குத் தெரியுமோ? கயிறறுந்த சவிரி விடியக்காலமை மோசம் போயிட்டாராம்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. திருகோணமலையில் சவிரிமுத்து என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். எந்தச் சவிரி என்று விளங்கவேண்டுமானால் ஊர் வைத்த பட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நான் மீனைத் திரும்ப வைத்தேன். கை முழுக்கச் செதில். அதைக் கழுவவும் தோன்றாமல் வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி சரோ படலையடியில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சவிரியண்ணையோ?" என்று மட்டும் கேட்டாள்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் அவருடைய மகன் ரெஜி வந்தான். "மாமா, முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறம். அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. உங்களைவிட ஆருக்கு அவரைத் தெரியும்?" என்றான். ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? அவன் போன பிறகு பேனையை எடுத்து, அன்னாரின் நற்பண்புகள் என்று தொடங்கி நாலு வரி எழுதினேன். எழுதியதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்னாராம், நற்பண்பாம். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இந்த மலரை வாசிக்கப் போகிறீர்கள். அவருடைய மனைவி பிலோமினா அக்காவும் வாசிப்பார். பதினொரு வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இங்கே சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை. ஒரு பக்கத்தில் அது அடங்காது. ரெஜி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப்போன பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். அவர் படகு திருத்தும் பட்டறையில் தச்சு வேலை. நான் களஞ்சியக் கந்தோரில் கிளாக்கர். என்னைவிட நாலு வயது மூத்தவர். முதல்முதல் அவர் என்னிடம் செப்பாணி கேட்டு வந்தார். படிவத்தில் ஒரு கையெழுத்துக் குறை என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தார், திகதி இல்லை என்று அனுப்பினேன். மூன்றாம் முறை படிவத்தோடு ஒரு கோப்பை பிளேன்ரீயும் ஒரு பணிசும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "கிளாக்கர், உங்களுக்குக் கோபம் வாறது பசியில. காலமை சாப்பிடேல்லைப் போல. முதல் இதைத் தின்னுங்கோ" என்றார். அது உண்மை. அன்று காலை சரோவோடு சண்டைபிடித்துவிட்டுச் சாப்பிடாமல்தான் வந்திருந்தேன். ஆணி கொடுத்தேன். அன்று தொடக்கம் அவர் எனக்குச் சவிரியண்ணை, நான் அவருக்குக் கடைசிவரை கிளாக்கர்.

துணித்தோணியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் நாட்டு நேவித் துரைமார் ஓய்வு நேரத்தில் துறைமுகத்துக்குள் ஓட்டித் திரிந்த ஒரு சின்னத் தோணி, மரச் சட்டத்துக்குமேல் கன்வஸ் இழுத்துத் தைத்தது, ஒருமுறை பட்டறைக்குத் திருத்த வந்ததாம். அதைத் திருப்பிக் கொடுக்கும் முன் சவிரியண்ணை ஒவ்வொரு சட்டத்தையும் தன் விரற்கடையால் அளந்து வைத்துக்கொண்டார். பிறகு ஒரு வருடம் தன் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்து அதே மாதிரி ஒன்று செய்தார். இரண்டு பேர் இருக்கலாம், ஒரே தடியில் இரண்டு பக்கமும் துடுப்பு. பச்சைப் பெயின்ற் அடித்தார். "பிலோ, இதுக்கு உன்ர பேர் வைக்கட்டோ?" என்று அவர் கேட்க, அக்கா குசினிக்குள் இருந்து, "துணி கிழிஞ்சு தண்ணிக்குள்ள தாண்டுபோனா பிலோமினா தாண்டுபோனா எண்டு ஊர் சிரிக்கவோ? ஒண்டும் வேண்டாம்" என்றாராம். பெயர் வைக்காத தோணியாகவே அது இருந்தது.

அந்தத் தோணியால்தான் எங்கள் கடற்கரைப் பயணங்கள் தொடங்கின. ஒவ்வொரு ஆவணி விடுமுறையிலும் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரு லொறியில் ஏறி, பட்டணத்திலிருந்து வடக்கே சல்லி என்ற ஊருக்கு அப்பால் ஆளில்லாத ஒரு கடற்கரைக்குப் போய் மூன்று நாள் இருப்போம். சட்டி, பானை, பாய், ஒரு பெரிய படங்கு, மரவள்ளிக் கிழங்கு ஒரு சாக்கு. அரிசிக்குத் தட்டுப்பாடான வருடங்கள் அவை. கிழங்கும் மீன் சொதியும்தான் மூன்று நேரமும். தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் நாலு தடி நட்டுப் படங்கை இழுத்துக் கட்டினால் வீடு. ஊரில் எங்களை விசர்க்கூட்டம் என்றார்கள். வீடு வளவு வைத்துக்கொண்டு மணலில் போய்க் கிடக்கிறார்கள் என்று என் மாமியார் சரோவைத் தனியே கூப்பிட்டு விசாரித்ததும் உண்டு. சவிரியண்ணைக்கு அதெல்லாம் காதில் விழாது.

அங்கே அவர் வைத்த சட்டம் ஒன்று எனக்குப் பிடிக்கவே இல்லை. "மூண்டு நாளைக்குப் பொம்பிளையள் அடுப்படிக்கு வரப்படாது. வருசம் முழுக்க அவையள் சமைக்கினம். இஞ்ச நாங்கள்." அவர் தேங்காய் துருவுவார். நான் வெங்காயம் உரிப்பேன், கண்ணீர் ஒழுகும், வாய் புறுபுறுக்கும். என் மகள் வதனியும் ரெஜியும் அதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே முன்னால் வந்து குந்துவார்கள். ஒருநாள் நான் வைத்த சொதியில் உப்பே இல்லை. சவிரியண்ணை முகம் சுளிக்காமல் குடித்து முடித்துவிட்டு, "அருமை. கடல் பக்கத்திலதானே, தேவையெண்டா ஆரும் ஒரு கை அள்ளி விடலாம்" என்றார். இன்றைக்கும் உப்புக் குறைந்தால் எங்கள் வீட்டில் அதைத்தான் சொல்வோம்.

அக்காவைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். பிலோமினா அக்காவைப்போல் தூண்டில் போட எந்த ஆம்பிளையாலும் ஏலாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லில் ஏறி இருந்தார் என்றால் நாங்கள் சட்டியைக் கழுவி வைக்கலாம். தூண்டில் நூலை ஒற்றை விரலில் சுற்றி வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு, "இது ஓரா... இது விளமீன், பெரிசு" என்று சொல்லிச் சொல்லி இழுப்பார். சவிரியண்ணை தேங்காயைத் துருவிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை துருவலில் விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டார். "மனிசியைப் பாத்தது போதும், தேங்காயைப் பாருங்கோ" என்றேன். "கிளாக்கர், வீட்டில இவ இப்பிடி இருக்கிறதில்லை. இந்த மூண்டு நாளுக்காகத்தான் நான் அந்தத் தோணியைச் செய்தனான்" என்றார்.

இனிக் கயிறு. அந்தக் கடற்கரையில் ஆவணியில் காலை எட்டு மணிவரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும். பிறகு தரைப் பக்கமிருந்து கச்சான் காற்று எழும்பும். கச்சான் அடித்தால் கரையில் இருப்பது எல்லாம் வெளிக்கடலுக்குத்தான் போகும். தொப்பி போகும், பாய் போகும், துணித்தோணி எம்மாத்திரம்? அதனால் அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். நாற்பது பாகம் நீளத்துக்குத் தடித்த தேங்காய்த் தும்புக்கயிறு. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். ஒரு முனை தோணியின் பின்வளையத்தில், மறு முனை மணலில் ஆழ அடித்த இரும்பு அலவாங்கில். பிள்ளைகள் அந்தக் கயிறு விடுகிற தூரத்துக்குத்தான் துடுப்புப் போடலாம். "கடல் எங்கட வளவில்லை. கேட்டுப்போட்டுத்தான் இறங்கவேணும்" என்பார். ஒவ்வொரு வருடமும் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து வந்து, கோவில் ஒழுங்கையில் அந்தக் கயிற்றை நீட்டிப் போட்டுப் பாகம் பாகமாகக் கையால் தடவிப் பார்ப்பார். ஒரு புரி நைந்திருந்தாலும் முழுக் கயிற்றையும் மாற்றிவிடுவார். அந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் அதைக் கண்ணால் கண்டவர்கள். பழங்கயிற்றில் பிள்ளைகளை விட்டார் என்ற கதையை நீங்கள் எப்படி நம்பினீர்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் கடற்கரைப் பயணத்தின் ஒன்பதாம் வருடம் அது. வதனிக்கு ஒன்பது வயது, ரெஜிக்குப் பதினொன்று. கடலுக்குள் ஒரு கல் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அதுவரை போகவேண்டும் என்று இரண்டும் ஒற்றைக்காலில் நின்றன. நாற்பது பாகம் அதற்குப் போதாது. நான் அந்த முறை ஒரு நைலோன் கயிறு கொண்டுபோயிருந்தேன். நீல நிறம், பளபளப்பு, அந்த நாளில் புதினமான சாமான். தெரிந்த ஒரு கப்பல்காரர் தந்தது. அதன் முனை பிரியாமல் இருக்க நெருப்புக்குச்சி கொளுத்தி நானே உருக்கி வைத்திருந்தேன். குன்றிமணி அளவில் ஒரு உருண்டை. இரண்டாம் நாள் பின்னேரம் சவிரியண்ணை நைலோனின் மற்ற முனையைத் தோணி வளையத்தில் கட்டினார். உருக்கிய முனையைத் தும்புக்கயிற்றோடு தொடுப்பதுதான் பாக்கி. "நாளைக்குச் சல்லியில தண்ணி எடுத்துக்கொண்டு வந்தாப்போல தொடுத்து விடுறன்" என்று பிள்ளைகளுக்கு எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பிறகு அடுப்படியில் என்னிடம் மட்டும், "கிளாக்கர், தும்பும் நைலோனும் ஒண்டோட ஒண்டு பிடிக்காது. நாங்கள் தும்புக்கு முடியிற முடிச்சு இதில வழுக்கும். அதுக்கு வேற முடிச்சு இருக்கு. நீங்கள் தொடாதையுங்கோ" என்றார்.

தொடாதையுங்கோ. என்னைப் பார்த்து. பதினைந்து வருடமாகத் துறைமுகக் களஞ்சியத்தில் அங்குலக் கணக்கிலும் பாகக் கணக்கிலும் கயிறு வரவு வைத்தவன், கப்பலைக் கட்டுகிற வடம் முதல் கொடிக்கயிறு வரை பெயர் சொல்லக்கூடியவன் நான். கயிற்றைப் பற்றி எனக்கு ஒரு தச்சன் சொல்லித் தருவதா என்று மனதுக்குள் ஒரு புழு நெளிந்தது. உண்மையில் என் வாழ்நாளில் நான் கையால் முடிந்தது என் சப்பாத்துக் கயிறும் கந்தோர்க் கோப்புகளின் நாடாவும் மட்டுந்தான். ஆனால் அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் விடிய அவர் இரண்டு தகரத்தைக் காவுதடியில் கொழுவிக்கொண்டு சல்லிக்குத் தண்ணீருக்குப் போய்விட்டார். அக்கா தூரத்துக் கல்லில் தூண்டிலோடு இருந்தார். சரோவும் பிள்ளைகளும் நித்திரை. நான் எழும்பிப் போய் அந்த இரண்டு கயிற்றையும் சேர்த்து, சப்பாத்துக்கு முடிகிற மாதிரி ஒன்றுக்கு இரண்டாக முடிந்தேன். காலால் மிதித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. பெரிய திருப்தி. பிள்ளைகள் எழும்பி வந்து கயிறு தொடுத்திருப்பதைக் கண்டு துள்ளின. சவிரியண்ணை தொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தன. எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "போங்கோ, கல்லுமட்டும் போகலாம்" என்றேன்.

அன்று கச்சான் நேரத்தோடு எழும்பியது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது தும்புக்கயிறு கரைக்குப் பக்கத்தில் தளர்ந்து மிதந்தது. தோணி கல்லைத் தாண்டிவிட்டது. நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? கத்தவில்லை, ஓடவில்லை. கயிற்றை இழுத்தேன். இழுத்து இழுத்து, வெறும் முனை கைக்கு வரும்வரை இழுத்தேன். அதன் பிறகுதான் வதனி "அப்பா" என்று கத்துவது கேட்டது. எனக்கு நீந்தத் தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டு கையை ஆட்டினேன். அக்கா தான் தூண்டில் போட்ட கல்லிலிருந்து அப்படியே கடலில் குதித்து, சேலை காலைச் சுற்ற, விழுந்து விழுந்து எழும்பினார். அப்போது சவிரியண்ணை தண்ணீர்த் தகரங்களோடு கரையால் வந்துகொண்டிருந்தார். தகரம் இரண்டும் விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. எங்களைப் பார்க்காமலே ஓடிப்போய் நீந்தத் தொடங்கிவிட்டார்.

அவர் அவர்களை எட்டிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. மூன்று மணித்தியாலம் தெரியாது. சரோ மணலில் விழுந்து அழுதாள். அக்கா அழவில்லை, தண்ணீர் விளிம்பில் நின்று கடலைப் பார்த்தபடி மாதாவே மாதாவே என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். சல்லியைச் சேர்ந்த ஒரு மெசின் வள்ளம் தொழில் முடித்துத் திரும்பும்போது அவர்களைக் கண்டு ஏற்றி வந்தது. தோணிக்குள் ஏறினால் அது கவிழும் என்று அவர் ஏறவே இல்லையாம். பின்வளையத்தைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் கிடந்தபடி, காற்றுக்கு முகம் கொடுத்துத் துடுப்புப் போடச் சொல்லிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பயத்தில் அவை அழத் தொடங்க, "ரெஜி, நீ செபம் சொல்லு. வதனி, நீ தேவாரம் சொல்லு. ஆர் பிழைவிடாமச் சொல்லுறியள் எண்டு பாப்பம்" என்றாராம். முதலில் தங்களுக்குக் கேட்டது செபமும் தேவாரமும்தான், ஆளைப் பிறகுதான் கண்டோம் என்று வள்ளக்காரர் சொன்னார்கள்.

வள்ளத்திலிருந்து இறங்கியபோது அவருடைய உதடு வெள்ளைச் சீலை மாதிரி வெளுத்திருந்தது. கையில் நீலக் கயிறு, சுருட்டிப் பிடித்திருந்தார். வதனி ஓடிவந்து என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அக்கா ரெஜியை இழுத்து அணைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்துக் கத்தினார்: "எப்பிடிக் கயிறு விட்டது? சொல்லுங்கோ, எப்பிடி விட்டது?" சவிரியண்ணை கயிற்றின் முனையைப் பார்த்தார். அவருடைய பெருவிரல் அந்த உருக்கிய உருண்டையின் மேல் இருந்தது. அறுந்த கயிற்றில் உருண்டை இருக்காது. என்னைப் பார்த்தார். என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற வதனியைப் பார்த்தார். பிறகு, "தும்புக்கயிறு பழசு, பிலோ. நான் பாக்காம விட்டிட்டன். அறுந்துபோச்சு. என்ர பிழை" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு நேரம் இருந்தது. படங்கைக் கழற்றும்போது நேரம் இருந்தது. லொறியில் வந்த அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க நேரம் இருந்தது. அடுத்த வாரம் அவர் கந்தோருக்கு வந்து நீலக் கயிற்றை வடிவாகச் சுருட்டி என் மேசையில் வைத்து, "கிளாக்கர், உங்கட கயிறு" என்றபோதும் இருந்தது. நான் அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "பிளேன்ரீ குடிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கடற்கரைக்குப் போகவில்லை. அக்காவின் தூண்டில் நூல்கள் குசினி ஆணியில் தொங்கித் தூசி பிடித்தன. துணித்தோணியைச் சவிரியண்ணை வீட்டுக் கூரை வளையில் தூக்கிக் கட்டினார். பிறகு ஒருநாள் தானே கழற்றிக் கன்வஸைக் கோழிக்கூட்டுக்குப் போட்டார். அக்கா அவரைத் திட்டுவதில்லை. ஒரேயொரு சொல் மட்டும்: "கவனமில்லாத மனிசன்." கறி அடிப்பிடித்தால், கதவு திறந்து கிடந்தால், மழைக்கு உடுப்பு நனைந்தால், "கவனமில்லாத மனிசன்". ரெஜி படித்து முடித்துத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலற் படகில் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பினான். அக்கா அதைக் கிழித்தார். "இவரை நம்பி ஒருக்காக் கடலுக்கு விட்டது போதும்" என்றார். சவிரியண்ணை குனிந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினார். ரெஜி இன்று கடலே இல்லாத கந்தளாயில் வேலை பார்க்கிறான். அக்கா அந்த விண்ணப்பத்தைக் கிழித்த அன்று நான் அங்கே இருந்தேன். அவர்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பட்டறையில் யாரோ அவருக்குக் கயிறறுந்த சவிரி என்று பட்டம் வைத்து, அது துறைமுகம் முழுக்கப் பரவியது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், சவிரிமுத்து எங்கே என்று நான் கேட்க, புதிதாக வந்த ஒருவர், "எந்தச் சவிரிமுத்துவைக் கேக்கிறியள்?" என்றார். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தபடி என்னைப் பார்த்தார்கள். "கயிறறுந்த சவிரி" என்று நான் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். திரும்பினால் அவர் பின்னால் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். "இஞ்ச இருக்கிறன், கிளாக்கர்" என்று பக்கத்தில் வந்து இருந்து, தன் பெட்டியிலிருந்த மீன்பொரியலில் பாதியை எனக்கு வைத்தார். நான் தின்றேன்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இந்த முறை சொல்லியே தீருவது என்று வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். பின்னேரம் நாலு மணி. ஆள் பாதியாய் இளைத்திருந்தார். கட்டிலுக்கு மேல் நுளம்புவலை ஒரு பக்கம் அவிழ்ந்து முகத்தில் விழுந்துகிடந்தது. மேலேயிருந்து தொங்கியது தும்புக்கயிறு, வலையில் இருந்தது நைலோன் நூல். யாரோ சும்மா சேர்த்து முடிந்திருக்கிறார்கள். நான் கதிரையில் ஏறி நின்று அதைத் தொடுத்தேன். நைலோனை வளைத்து, தும்பைச் சுற்றி, மறுபடி உள்ளே விட்டு இறுக்குகிற அந்த முடிச்சு. இத்தனை வருடத்தில் அதை நான் பழகியிருந்தேன். சல்லிக்குப் போய் ஒரு வள்ளக்காரரிடம் கேட்டுப் பழகி, வீட்டில் கதிரைக் காலில் நூறு தரம் முடிந்து பார்த்திருக்கிறேன். எதற்கு என்று சரோ கேட்டபோது சும்மா என்றேன். சவிரியண்ணை கீழே கிடந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப வழுக்காது" என்றார்.

கதிரையால் இறங்கி அவருடைய கையைப் பிடித்து, "அண்ணை, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன். அவர் என் கையை மெல்ல அழுத்தி, வாசலைக் கண்ணால் காட்டி, "பிலோ வாறா" என்றார். அக்கா கஞ்சிப் போத்தலோடு வந்தார். தலையணையைச் சரிசெய்தார், கோப்பையில் தண்ணீர் வார்த்து வாயில் வைத்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. "கவனமில்லாத மனிசன்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டார். அவர் அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்தார். மூன்றாம் நாள் மீன்சந்தையில் எனக்குச் செய்தி வந்தது.

சேமக்காலையில் பெட்டியைக் குழிக்குள் இறக்க நாலு பேர் கயிறு பிடிக்கவேண்டும். என்னையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். அக்கா குழியருகில் நின்று, யாருக்கும் சொல்லாமல் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "பாத்துப் பிடியுங்கோ. அந்த மனிசனுக்குக் கயிறு ராசியில்லை" என்றார். கயிறு என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது. ஐயோ, அந்தக் குழிக்குள் என்னையும் சேர்த்து மூடியிருக்கலாம்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் நேற்று நானே அக்காவிடம் கொண்டுபோனேன். முப்பத்தோராம் நாள் கூட்டத்துக்கு நடுவே ஒரு மலரில் இதை அவர் வாசிக்கக்கூடாது என்று பட்டது. நீலக் கயிற்றையும் லாச்சியிலிருந்து எடுத்துக் கொண்டுபோனேன். ரெஜியும் இருந்தான். நான் வாசித்தேன். நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முடிந்ததும் அக்கா கையை நீட்டினார். கயிற்றைக் கொடுத்தேன். தூண்டில் நூலைப் பார்க்கிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு அதை விரலுக்குள்ளால் விட்டுக்கொண்டே போனார். முனை வந்தது. அந்த உருண்டையில் பெருவிரலை வைத்தார்.

நான் திட்டை எதிர்பார்த்தேன். வெளியே போ என்றால் போயிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, "கடைசித் தண்ணியையும் அப்பிடிச் சொல்லித்தானே குடுத்தன்" என்றார். அவ்வளவுதான். பிறகு அழுதார். பதினொரு வருடத்துக்கு முன் கடற்கரையில் அழாத அழுகை எல்லாவற்றையும் சேர்த்து அழுதார். ரெஜி அவரைப் பிடித்துக்கொண்டான். நான் எழும்பி வாசலுக்கு வந்தேன். அப்போது உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: "அச்சடியுங்கோ. ஒரு சொல்லும் வெட்டாதையுங்கோ. கயிறை இஞ்ச வைச்சிட்டுப் போங்கோ." என்னை மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஆகவே கயிறு அந்த வீட்டில் இருக்கிறது. சவிரியண்ணையிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துவைத்துக்கொள்ளப் போவது ஒன்றே ஒன்று, அந்தப் பட்டம். அவர் அதை எனக்காகப் பதினொரு வருடம் சுமந்தார், இனி அவருக்கு அது வேண்டாம். நாளைக்கு நான் மீன்சந்தைக்குப் போவேன். மீன்காரர் பழைய பழக்கத்தில் அவரை அந்தப் பெயரால் குறிப்பிட்டால், அது நான் என்று சொல்வேன். நீங்களும், இதை வாசிக்கிற நீங்கள் எல்லோரும், அந்தப் பெயர் வாயில் வருகிறபோது என்னைப் பார்த்தே சொல்லுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.